ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு பருப்புத் தண்ணீர் போதுமா? இணை உணவில் பின்தங்கும் இந்தியா

புதுடெல்லி: இந்தியாவில் முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே அருந்தி வளரும் குழந்தைகளின் விகிதம் உயர்ந்துள்ளது. ஆனால், ஆறு மாதம் நிறைந்த பின்னர் அவர்களுக்குத் தரப்பட வேண்டிய இணை உணவு, பெரும்பாலான வீடுகளில் உரிய காலத்திலும் உரிய அளவிலும் கிடைப்பதில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் ரத்தசோகைக்கும் இந்த இடைவெளி முக்கியக் காரணமாக அமைகிறது.

2019-21-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். முந்தைய ஆய்வில் இது 54.9 சதவீதமாக இருந்தது. அதே ஆய்வில், 6 முதல் 8 மாத வயதுக் குழந்தைகளில் தாய்ப்பாலுடன் திட அல்லது அரைத்திட உணவும் பெற்றவர்கள் 45.9 சதவீதம் மட்டுமே. 6 முதல் 23 மாத வயதினரில் போதுமான உணவு பெற்றவர்கள் வெறும் 11.3 சதவீதம். அதாவது, நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 89 பேருக்கு உணவின் வகையோ, வேளைகளோ போதவில்லை.

ஆறாவது மாதம் ஏன் முக்கியம்?

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தர வேண்டும். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும். பின்னர் இணை உணவைத் தொடங்கி, இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

இதற்குத் தெளிவான உடலியல் காரணம் உண்டு. தாயின் கருவில் இருக்கும்போதே குழந்தை தன் உடலில் இரும்புச்சத்தைச் சேமித்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு சுமார் ஆறு மாதங்களில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து எளிதில் செரிக்கக்கூடியது என்றாலும் அதன் அளவு மிகக் குறைவு. எனவே, அதற்குப் பின் தேவைப்படும் இரும்புச்சத்து உணவின் வழியாகவே வந்தாக வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு தெரிவிக்கிறது. நான்காவது ஆய்வில் இது 58.6 சதவீதமாக இருந்தது.

வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் 35.5 சதவீதமாக உள்ளது. கருவுற்ற நாள் முதல் இரண்டு வயது நிறையும் வரையிலான ஆயிரம் நாட்களில்தான் மூளையும் உடலும் மிக வேகமாக வளர்கின்றன. இக்காலத்தில் ஏற்படும் இழப்பைப் பிற்காலத்தில் முழுமையாக ஈடுசெய்வது கடினம்.

வயிறு நிறைகிறது, சத்து சேர்வதில்லை

வட மாநிலங்களில் அன்னப்பிராசனம், வங்கத்தில் முகே பாத், கேரளத்தில் சோறூணு என நாடு முழுவதும் குழந்தைக்கு முதல் உணவு ஊட்டும் சடங்கு உண்டு. ஆறாவது மாதத்தில் உணவு தேவை என்பதை மரபு அறிந்தே வைத்திருக்கிறது. சிக்கல், சடங்கு முடிந்த மறுநாள் தொடங்குகிறது. கெட்டியான உணவு செரிக்காது என்ற அச்சத்தில் பருப்பு வேகவைத்த தண்ணீர், கஞ்சித் தெளிவு, தண்ணீர் கலந்த பால், தேநீரில் நனைத்த பிஸ்கட் ஆகியவையே பல வீடுகளில் குழந்தையின் உணவாகின்றன.

தாய்ப்பால் அருந்தும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு இணை உணவிலிருந்து நாளொன்றுக்கு சுமார் 200 கலோரி தேவை. 9 முதல் 11 மாதங்களில் இது 300 ஆகவும், ஒரு வயதுக்கு மேல் 550 ஆகவும் உயர்கிறது. குழந்தையின் வயிறோ மிகச் சிறியது. நீர்த்த உணவு அந்த வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் தேவையான ஆற்றலைத் தராது. குழந்தை அழாமல் உறங்குவதால், பசி அடங்கியது என்று குடும்பத்தினர் எண்ணிவிடுகின்றனர்.

வறுமை மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. நூறில் 89 குழந்தைகளுக்குப் போதுமான உணவு கிடைக்கவில்லை எனும்போது, ஓரளவு வசதியுள்ள வீடுகளும் அதில் அடங்கும். பெரியவர்களின் தட்டில் இருக்கும் பருப்பும் காய்கறியும் முட்டையும் குழந்தையின் கிண்ணத்துக்கு வந்து சேர்வதில்லை.

ஆலோசனை கிடைக்காத காலம்

இந்தியாவில் 88.6 சதவீத பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடைபெறுகின்றன. பிறந்தவுடன் தாய்ப்பால் குறித்து அறிவுறுத்த அங்கே செவிலியர் இருக்கிறார். தேசிய தடுப்பூசி அட்டவணையின்படி 6, 10, 14-ஆவது வாரங்களில் குழந்தை சுகாதார மையத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. அடுத்த தடுப்பூசி ஒன்பதாவது மாதத்தில்தான். இணை உணவு தொடங்க வேண்டிய ஆறாவது மாதம் இந்த இடைவெளியில் விழுகிறது. கேட்பதற்கு ஆள் இல்லாத அந்த நேரத்தில், வீட்டின் பழக்கமே முடிவெடுக்கிறது.

இதை உணர்ந்தே, 3, 6, 9, 12, 15-ஆவது மாதங்களில் ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் செல்லும் திட்டத்தை மத்திய அரசு 2018-இல் தொடங்கியது. 1975 முதல் செயல்படும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ், 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடிகள் வாயிலாக ஊட்டச்சத்து உணவும் வழங்கப்படுகிறது. ஆனால் வீட்டுக்கு வரும் சத்துமாவை மற்றவர்களும் பகிர்ந்து உண்ணும்போது குழந்தையின் பங்கு சுருங்கிவிடுகிறது.

தாயின் வேலையும் இதே நேரத்தில் குறுக்கிடுகிறது. 2017-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. பிரசவத்துக்கு முன் எடுத்த நாட்களும் அதில் அடங்கும். ஆகவே, குழந்தைக்குப் பொறுமையாக ஊட்டிப் பழக்க வேண்டிய தருணத்தில் தாய் பணிக்குத் திரும்பியிருப்பார். வயலிலும் கட்டுமானத் தளங்களிலும் கூலிக்கு உழைக்கும் பெண்களுக்கு நடைமுறையில் இந்த விடுப்பும் இல்லை.

என்ன தர வேண்டும்?

தனியாகச் சமைக்கவோ, விலை உயர்ந்த டப்பா உணவு வாங்கவோ அவசியமில்லை. வீட்டில் சமைத்த சாதம் அல்லது ரொட்டியுடன் பருப்பு, கீரை, காய்கறி ஆகியவற்றைச் சேர்த்து, காரமின்றி நன்கு மசித்துத் தரலாம். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவுக்கு உணவு கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய் சேர்த்தால் சுமார் 45 கலோரி கூடும். முட்டை, மீன், இறைச்சி உண்ணும் குடும்பங்கள் அவற்றையும் ஆறு மாதத்திலிருந்தே நன்கு வேகவைத்து, மசித்துத் தரலாம்.

தொடக்கத்தில் இரண்டு, மூன்று கரண்டிகளில் ஆரம்பித்து, 6 முதல் 8 மாதங்களில் நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், அதன்பின் 3 அல்லது 4 வேளையும் ஊட்ட வேண்டும். புட்டிகளைத் தவிர்த்து கிண்ணமும் கரண்டியும் பயன்படுத்துவதும், ஊட்டும் முன் சோப்பால் கைகழுவுவதும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும். ஒரு வயது வரை தேன் தரக் கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா குழந்தையின் நரம்புகளைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்கலாம். நோயுற்ற காலத்திலும் தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது.

குழந்தையின் எடை தொடர்ந்து கூடாமல் இருந்தாலோ, உணவை முற்றிலும் மறுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். ஒன்பதாவது மாதத் தடுப்பூசி வரை காத்திருக்காமல், ஆறு மாதம் நிறையும் வாரத்திலேயே அருகிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று குழந்தையின் எடையைப் பார்த்து, உணவு குறித்து ஆலோசனை பெறுவது நல்லது.