கணிப்பொறியின் கடையும் கிடங்கும்

கல்கத்தாவின் தென்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வாழையிலைக்கும் காப்பித்தூளுக்கும் நெடுங்காலமாக லேக் மார்க்கெட்டையே நாடி வருகின்றன. அங்குள்ள கடைகளை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அடிக்கடி விலைபோகும் சரக்கு கையெட்டும் தூரத்தில் இருக்கும்; ஏனையவை பின்புறக் கிடங்கில் கிடக்கும். கடைமுகப்பு நிறைந்திருக்கிறதே என்று வருந்தும் வணிகர் எவருமிலர். கணிப்பொறியின் நினைவகம் பற்றிப் பலருக்கும் எழும் ஐயத்தைப் போக்கிக்கொள்ள இவ்வுண்மை நமக்குத் துணைசெய்யும்.

லினக்ஸ் என்னும் இயக்க முறையை 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். விலையின்றிக் கிடைப்பதாலும் பழைய பொறிகளிலும் ஓடுவதாலும் அதனை விரும்பி ஏற்போர் பலர். ஆயினும் நினைவகக் கணக்கைப் பார்த்தவுடன் அவர்களுள் சிலர் திகைப்படைகின்றனர். பெரிய வேலை எதுவும் நடவாத வேளையிலும் நினைவகத்தின் பெரும்பகுதி நிறைந்துவிட்டதாகக் கணக்குக் காட்டுகிறது. உடனே புதிய நினைவகம் வாங்கப் பணம் செலவிடுவோரும் உண்டு. நல்ல பொறியைக் கழித்துவிடுவோரும் உண்டு. இச்செலவு தேவைதானா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

நினைவகம் அரிய பொருளாயிருந்த காலத்தைக் கல்கத்தா நன்கறியும். பாராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு 1955-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி. 2எம் என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. நம் நாட்டிற்கு வந்த முதல் இலக்கமுறைக் கணிப்பொறி அதுவே. சுழலும் காந்த உருளையே அதன் நினைவகம். அதில் 16 பிட் அளவுள்ள 1024 சொற்களே அடங்கும். அதாவது 2048 பைட்டுகள். இன்று லினக்ஸ் நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்தாள்கிறது. ஒரு பக்கம் பெரும்பாலும் 4096 பைட்டு. அந்தப் பழைய பொறியின் நினைவகம் முழுவதும் இன்றைய ஒரு பக்கத்தில் பாதிக்குள் அடங்கிவிடும்!

அளவு பெருகியபோதிலும் கடைக்கும் கிடங்கிற்கும் உள்ள தூரம் நீங்கவில்லை. சுழலும் வட்டிலிருந்து ஒரு தகவலைத் தேடியெடுக்க ஏறத்தாழ 10 மில்லி விநாடி ஆகும். நினைவகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி போதும். வேற்றுமை ஒரு லட்சம் மடங்கு. ஆகவே வட்டிலிருந்து ஒருமுறை கொணர்ந்த கோப்பை லினக்ஸ் உடனே எறிந்துவிடுவதில்லை. வேறெவரும் கேளாத நினைவகத்தில் அதன் படியை வைத்துக்கொள்கிறது. இவ்வாறு வைத்த படிகளின் தொகுப்புக்கே கேஷ் என்று பெயர். அதே கோப்பு மறுமுறை வேண்டப்படின் வட்டிற்குச் செல்லாமலே கிடைத்துவிடும். புதிய நிரல் ஒன்று இடங்கேட்டு வந்தாலோ, நெடுநாள் தொடப்படாத படிகள் அகற்றப்பட்டு இடம் கொடுக்கப்படும். மூலம் வட்டில் பத்திரமாக இருப்பதால் இழப்பு ஏதுமில்லை.

இனிக் கணக்கைப் படிக்கும் முறையைக் காண்போம். டெர்மினலில் ஃப்ரீ என்னும் கட்டளையை இட்டால் ஓர் அட்டவணை தோன்றும். 8 கிகாபைட் நினைவகமுள்ள பொறியொன்றை எடுத்துக்கொள்வோம். டோட்டல் என்ற பத்தியில் 7.6 என்றிருக்கலாம், எஞ்சியது பொறியின் சொந்த ஒதுக்கீடு. ஃப்ரீ என்பதன்கீழ் 0.4, பஃப்/கேஷ் என்பதன்கீழ் 4.6, அவைலபிள் என்பதன்கீழ் 4.5 என்று இருப்பதாகக் கொள்வோம். 0.4 என்ற எண்ணே நம்மை அச்சுறுத்துவது. அது எவரும் பயன்படுத்தாது வெறுமனே கிடக்கும் இடம் மாத்திரமே. நாம் நோக்க வேண்டியது அவைலபிள் என்னும் எண். புதிய வேலைக்கு ஏறத்தாழ எவ்வளவு இடம் தரலாம் என்பதை அதுவே கூறும். கேஷின் சிறு பகுதி விடுவிக்க இயலாததாதலால், அவ்வெண் ஃப்ரீயும் கேஷும் சேர்ந்த கூட்டுத்தொகையினும் சற்றுக் குறைந்திருக்கும். லினக்ஸ் கருவில் இம்மதிப்பீடு இடம்பெற்றது 2014-இல்தான். அதற்குமுன் பயனாளர் தாமே கூட்டிக் கழித்து ஊகிக்க வேண்டியிருந்தது.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடைக்காரர் விற்பனையை முதலில் சிட்டையில் குறித்துப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவதுபோல, நாம் எழுதும் கோப்பும் முதலில் நினைவகத்திலேயே பதிந்து, சில விநாடிகள் கழித்தே வட்டிற்குச் செல்கிறது. இடையில் மின்சாரம் நின்றால் சிட்டை அழிந்துவிடும். பேரேட்டில் வரவு இராது. பென் டிரைவில் குடும்பப் புகைப்படங்களை ஏற்றியதும் சட்டெனப் பிடுங்கினால் அவை குறைபடுவது இதனாலேயே. முறைப்படி விடுவித்த பின்னரே அதனை எடுத்தல் வேண்டும். சிங்க் என்ற கட்டளை சிட்டையைப் பேரேட்டில் உடனே ஏற்றிவிடும்.

அப்படியாயின் மெய்யான தட்டுப்பாடு எது? அவைலபிள் எண் மிகவும் சுருங்கி, அதனுடன் ஸ்வாப் எனப்படும் வட்டுப் பகுதிக்கும் நினைவகத்திற்கும் இடையே ஓயாத போக்குவரத்து நிகழுமாயின் அதுவே தட்டுப்பாடு. விஎம்ஸ்டாட் 5 என்று கட்டளையிட்டால் ஐந்து விநாடிக்கொருமுறை நிலவரம் தெரியும். எஸ்ஐ, எஸ்ஓ ஆகிய பத்திகளில் பெரிய எண்கள் தொடர்ந்து வருமாயின் கவலைப்படலாம். முதல் வரி பொறி தொடங்கியது முதற்கொண்டு எடுத்த சராசரியாதலால் அதனைக் கொள்ள வேண்டா. ஸ்வாப்பில் சிறிதளவு அசையாது கிடப்பதும் குற்றமன்று. தட்டுப்பாடு முற்றினால் கருவே ஏதேனும் ஒரு நிரலை நிறுத்திவிடும். முடிக்காத வேலை அதனோடு போகும். அந்நிலைக்குமுன் தேவையற்ற நிரல்களை மூடுதலும், அதுவும் போதாதெனில் நினைவகத்தைப் பெருக்குதலும் தக்கவை.

கேஷைக் கட்டளையிட்டு அடிக்கடி காலிசெய்வது மட்டும் பரிகாரமாகாது. அது விலைபோகும் சரக்கையெல்லாம் கிடங்கிற்குத் திருப்பியனுப்பிவிட்டு, அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் மீண்டும் சுமந்து வருவதையே ஒக்கும். வெற்றிடத்தின் அளவைக் கண்டு அஞ்சாமல், வேண்டும்போது இடம் கிடைக்கின்றதா என்பதை நோக்கி முடிவு செய்வோமாயின், வீண் செலவும் குறையும். நல்ல பொறியும் இன்னும் சில ஆண்டுகள் நமக்கு உழைக்கும்.