அந்தமான் கடலடித் துளையிடல் ஆய்வுகள்

அந்தமான் கடலடித் துளையிடல் ஆய்வுகள் என்பன, அந்தமான், நிக்கோபார், சுமாத்திரா ஆகிய தீவுகளை ஒட்டிய கடற்பரப்பில் கடலடியைத் துளைத்து எடுக்கப்படும் படிவுகளையும் பாறைகளையும் கொண்டு, அப்பகுதியின் எரிமலைகளையும் நிலநடுக்கங்களையும் ஆராயும் புவியியல் ஆய்வுகளைக் குறிக்கும். இந்தியாவின் உயிர்ப்புள்ள ஒரே எரிமலையான பாரன் தீவைப் பற்றிய எழுத்துக் குறிப்புகள் 1787 ஆம் ஆண்டில்தான் தொடங்குகின்றன. அதற்கு முற்பட்ட வரலாற்றின் பெரும்பகுதி கடலடியில் படிந்த சாம்பலில் உள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டையும் இலங்கையையும் தாக்கிய ஆழிப்பேரலையும் இதே புவித்தட்டு எல்லையில் தோன்றியதால், இவ்வாய்வுகள் தமிழர் வாழும் கடற்கரைகளோடு நேரடித் தொடர்பு உடையனவாகும்.

புவியியல் பின்னணி

புவியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெதுவாக நகர்கின்றது. இரண்டு தட்டுகள் மோதும் இடத்தில் அடர்த்தி மிக்க கடல் தட்டு மற்றதன் கீழே சரிந்து இறங்குவது கீழமிழ்தல் எனப்படும். சுமாத்திரா, நிக்கோபார், அந்தமான் தீவுகளின் மேற்குப் புறமாகச் செல்லும் நீண்ட அகழியில் இந்தியத் தட்டு இவ்வாறு கீழமிழ்கின்றது.

கீழிறங்கும் தட்டு உருகுவதால் எரிமலைகள் உண்டாகின்றன என்று பலரும் கருதுவதுண்டு. இது முழுவதும் சரியன்று. கடலடியில் நெடுங்காலம் கிடந்த தட்டு, தன் படிவுகளிலும் கனிமங்களிலும் நீரைச் சேர்த்து வைத்துள்ளது. ஏறத்தாழ 100 கி.மீ. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகும்போது அந்நீர் வெளியேறி, மேலேயுள்ள மூடகப் பாறையினுள் புகுகின்றது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பநிலையிலேயே உருகத் தொடங்கும். அவ்வாறு உண்டாகும் கற்குழம்பே மேலெழுந்து எரிமலையாகின்றது. எனவே இவ்வகை எரிமலைகள் எப்போதும் அகழியிலிருந்து சற்று உள்தள்ளி, அதற்கு இணையான ஒரு வளைவாக அமைகின்றன. சுமாத்திராவின் எரிமலைகள், பாரன் தீவு, நார்கொண்டாம், பர்மாவின் போப்பா மலை ஆகியன இத்தகைய ஒரே வளைவைச் சேர்ந்தவை.

பாரன் தீவு

பாரன் தீவு, முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட சிறீ விசயபுரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 135 கி.மீ. தொலைவில் உள்ளது. மக்கள் வாழாத இத்தீவின் அகலம் சுமார் 3 கி.மீ. மட்டுமே. கடலுக்கு மேலே தெரிவது மலையின் உச்சிப்பகுதியாகும். அதன் அடிவாரம் 2,000 மீட்டருக்கும் கீழே கடலடியில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பின் பெரிய வெடிப்புகள் இன்றி அடங்கியிருந்த இவ்வெரிமலை 1991 இல் மீண்டும் வெடித்தது. 1994-95 இலும், 2005 மே மாதத்திலும், அதன் பின்னர் பலமுறையும் வெடித்துள்ளது. 2005 வெடிப்புக்கு 2004 நிலநடுக்கமே காரணம் எனக் கூறப்படுவதுண்டு. ஆயினும் நிலநடுக்கத்துக்கு முன்னரே எரிமலை விழித்துக் கொண்டுவிட்டதால் இத்தொடர்பை உறுதியாகக் கொள்ள இயலாது. 2017 சனவரியில் கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள், அருகில் கடலடி மாதிரிகளை எடுத்துக் கொண்டிருந்தபோது, எரிமலை திடீரெனச் சாம்பலைக் கக்கியதை நேரில் கண்டனர்.

வடக்கேயுள்ள நார்கொண்டாம் தீவின் எரிமலை அடங்கிய நிலையில் உள்ளது. இத்தீவு எரிமலையை விட இங்கு மட்டுமே வாழும் இருவாட்சிப் பறவைக்காகவே அதிகம் அறியப்படுகின்றது.

கடலடிச் சாம்பல்

எரிமலையின் சரிவுகளில் புதிய குழம்பு பழையதை மூடிவிடும். மழையும் அலையும் சாம்பலை அரித்துவிடும். கடலடியிலோ சாம்பல் அமைதியாகப் படிந்து, அதன் மேல் சேறு மூடி, ஏடுகளைப் போல அடுக்கடுக்காகப் பாதுகாக்கப்படுகின்றது. இடையிலுள்ள சேற்றில் காணப்படும் நுண்ணுயிர் ஓடுகளைக் கொண்டு கரிமக் காலக்கணிப்புச் செய்யலாம். சாம்பலின் வேதியியலைக் கொண்டு அது எந்த எரிமலையிலிருந்து வந்தது எனவும் கூறலாம்.

பாரன் தீவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 32 கி.மீ. தொலைவில், சாகர் கன்யா என்னும் இந்திய ஆய்வுக் கப்பல் சுமார் 4 மீட்டர் நீளமுள்ள ஒரு படிவு உருளையை எடுத்தது. அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தோரும் பிறரும் இதனை ஆராய்ந்து 2010 இல் முடிவுகளை வெளியிட்டனர். கடந்த ஏறத்தாழ 70,000 ஆண்டுகளுக்குரிய அப்படிவில் ஏழு தெளிவான சாம்பல் அடுக்குகள் காணப்பட்டன. எழுத்துக் குறிப்புகள் கூறும் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

நான்கு மீட்டர் படிவை எடுக்கத் துளையிடும் கப்பல் தேவையில்லை. எடை கட்டிய குழாயைக் கடலடியில் இறக்கினாலே போதும். அதற்கும் கீழே செல்லத் துளையிட்டே ஆக வேண்டும். 1988 இல் கடல் துளையிடல் திட்டத்தின் 121 ஆவது பயணத்தில், வங்காள விரிகுடாவின் தெற்கே தொண்ணூறு பாகைக் கிழக்கு மலைத்தொடரில் துளையிடப்பட்ட 758 ஆம் இடத்தில், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பலும், அதற்கு முந்தைய பல வெடிப்புகளின் சாம்பலும் கிடைத்தன. தோபாச் சாம்பல் ஆந்திரத்தின் சுவாலாபுரத்தில் நிலத்திலும் காணப்படுகின்றது.

2006 பயணம்

இந்தியாவின் தேசிய வாயு ஐதரேட்டுத் திட்டத்தின் முதற் பயணம், ஜாய்டிஸ் ரெசொல்யூசன் என்னும் அமெரிக்கத் துளையிடல் கப்பலில் 2006 ஏப்ரல் 28 இல் மும்பையில் தொடங்கி ஆகத்து 19 இல் சென்னையில் முடிந்தது. கிருட்டிணா-கோதாவரி, மகாநதி வடிநிலங்கள் உட்பட 21 இடங்களில் துளையிடப்பட்டது. அவற்றுள் ஒன்றே ஒன்று அந்தமானில் அமைந்த 17 ஆம் இடமாகும்.

நோக்கம் எரிமலை ஆய்வு அன்று. பனிக்கட்டி போன்ற நீர்க்கூட்டினுள் மீத்தேன் அடைபட்ட வாயு ஐதரேட்டைத் தேடியே கப்பல் சென்றது. ஆனால் அந்தமானில் அது எரிமலைச் சாம்பல் அடுக்குகளினுள்ளேயே கிடைத்தது. நுண்ணிய களிமண்ணை விடச் சாம்பலில் இடைவெளிகள் அதிகம் என்பதால் வாயு அங்கு தங்கியது. கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் கீழே வரையிலும் ஐதரேட்டு காணப்பட்டது உலகின் பிற இடங்களோடு ஒப்பிடுகையில் மிக ஆழமானது. ஆழத்துக்கு ஆழம் வெப்பம் மெதுவாகவே கூடுவது இதற்குக் காரணம். எரிமலைகளுக்கு இவ்வளவு அருகில் கடலடி இவ்வாறு குளிர்ந்திருப்பது வியப்பளிக்கலாம். ஆயினும் அகழிக்கும் எரிமலை வளைவுக்கும் இடைப்பட்ட பகுதியின் கீழே குளிர்ந்த தட்டு இறங்கிக் கொண்டிருப்பதால் அங்கு இது இயல்பே.

2016 பயணம்

2004 நிலநடுக்கத்தின் பிளவு சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீண்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரும் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரும் இறந்தனர். நாகப்பட்டினம் மிகுந்த இழப்பைச் சந்தித்தது; அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கல்பாக்கம், மாமல்லபுரம் கரைகளும் தப்பவில்லை. அறிவியலாளரை வியக்க வைத்தது பிளவின் நீளம் மட்டுமன்று. அகழியை ஒட்டிய மேற்பகுதிப் படிவுகள் மென்மையானவை ஆதலால் அங்கு பிளவு வலுவிழந்து நின்றுவிடும் என முன்பு கருதப்பட்டது. இங்கோ அது அகழிக்கு மிக அருகில் வரை சென்றது. பிளவு கடலடிக்கு அருகில் வரை எட்டிப் பெயரும்போது மேலுள்ள நீர் அதிகமாக உயர்த்தப்படும், ஆழிப்பேரலையும் பெரிதாகும்.

இதனை விளக்கவே 362 ஆவது பன்னாட்டுப் பயணம் 2016 ஆகத்தில் கொழும்பிலிருந்து புறப்பட்டது. லிசா மெக்நீல், பிராண்டன் டூகன் ஆகியோர் தலைமை வகித்தனர். கீழமிழும் முன்னரே படிவுகளைப் பார்க்க வேண்டும் என்பதால், அகழிக்கு மேற்கே, இந்தியத் தட்டின் மேல், 4 கி.மீ. ஆழக் கடலில் இரண்டு இடங்களில் துளையிட்டனர். அவற்றுள் ஒன்றில் 1,400 மீட்டருக்கும் மேல் துளைத்து, படிவுகளுக்கு அடியிலுள்ள கடற்பாறையை எட்டினர்.

அப்படிவுகளில் பெரும்பகுதி இமயமலையிலிருந்து அரித்து வரப்பட்ட மண்ணாகும். சுமார் 95 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அது இங்கு விரைந்து குவிந்துள்ளது. அடியிலுள்ள பழைய அடுக்குகளில் நுண்ணுயிர் ஓடுகளின் சிலிக்கா உண்டு. அதனுள் நீர் பிணைந்திருக்கும். மேலே மண் தடித்து அழுத்தவே கீழடுக்கு வெப்பமடைந்து, அந்நீர் அகழியை அடையும் முன்னரே வெளியேறிவிடுகின்றது. ஆழத்தில் உப்புக் குறைந்த நீர் காணப்பட்டதே இதற்குச் சான்றாகும். நீரிழந்த படிவு இறுகி வலுப்பெறுவதால் அகழிக்கு அருகிலும் அழுத்தத்தைத் தாங்கிச் சேமித்து, ஒரே முறையில் முறிய வல்லது. இம்முடிவு 2017 இல் சயன்சு இதழில் வெளியானது. தடித்த படிவுகள் கீழமிழும் வட அமெரிக்காவின் கசுக்கேடியா, அரபிக்கடலின் மக்ரான் போன்ற இடங்களிலும் இதே நிலை இருக்கக்கூடும் என ஆய்வாளர் கருதுகின்றனர். மக்ரான் கரையில் 1945 இல் ஓர் ஆழிப்பேரலை தோன்றியமை இங்கு குறிப்பிடத்தக்கது.

படிவு உருளைகள்

கப்பலில் எடுக்கப்படும் உருளைகள் ஒன்றரை மீட்டர்த் துண்டுகளாக வெட்டப்பட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப்படுகின்றன. ஒரு பாதி ஆய்வுக்கும் மறு பாதி காப்புக்கும் உரியவை. இந்தியப் பெருங்கடலில் பன்னாட்டுத் திட்டத்தின் கீழ் எடுக்கப்பட்டவை கோச்சியில் உள்ள குளிர்சேமிப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. இது கேரளத்தின் கொச்சி அன்று, சப்பானின் கோச்சி ஆகும். ஜாய்டிஸ் ரெசொல்யூசன் 2024 இல் அறிவியல் பணியிலிருந்து விலக்கப்பட்டது.