‘சின்ன கலாட்டாதான் சார்!’ – எஃப்.ஐ.ஆரில் அது ‘கலகம்’ ஆவது எப்படி?

ஆடி மாதம். தா.பழூர் பக்கத்து கிராமம் ஒன்றில் அம்மன் கோயில் திருவிழா என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பசங்க லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கிறார்கள். டிரம்செட் அடிக்கிறது, விசில் பறக்கிறது. “செம கலாட்டா மச்சி” என்று ஸ்டேட்டஸ் போடுகிறார் ஒருவர். அரை மணி நேரம் கழித்து, ஆடும்போது கால் பட்டதில் வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு, கையில் கிடைத்த கட்டை. மறுநாள் காலை ஸ்டேஷனில் ஒரு அப்பா சொல்கிறார்: “சின்ன கலாட்டாதான் சார், விட்டுடுங்க.”

இரண்டு இடத்திலும் ஒரே சொல். ஒன்று கொண்டாட்டம், இன்னொன்று தகராறு.

கலாட்டா நம்மிடம் மட்டும் இல்லை. தெலுங்கு, கன்னடத்திலும் இதே சொல் சத்தத்துக்கும் சண்டைக்கும் உண்டு. ஆனால் அதைச் சிரிப்போடு ஒட்டவைத்ததில் நம் சினிமாவுக்குப் பெரிய பங்கு. 1968இல் சிவாஜி, ஜெயலலிதா நடித்த படத்தின் பெயரே ‘கலாட்டா கல்யாணம்’. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘ரயட்’ என்றால் கலவரம். ஆனால் வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும் படத்தை ‘லாஃப் ரயட்’ என்பார்கள். அதே இங்கிலாந்தில் 1715இல் ‘ரயட் ஆக்ட்’ அமலுக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கூடி அமைதியைக் கெடுத்தால், அதிகாரி ஓர் அறிவிப்பைச் சத்தமாகப் படிப்பார். ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனை வரை போகும்.

(சொல் ஆராய்ச்சியில் ஆர்வம் இருப்பவர்களுக்கு ஒரு துணுக்கு: சட்டசபைச் செய்திகளில் தினமும் வரும் ‘அமளி’க்குப் பழந்தமிழில் படுக்கை என்றும் பொருள். ‘களேபரம்’ வடமொழியில் உடலை, பிணத்தைக் குறிக்கும் சொல்.)

எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதில் தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் நடந்ததை ஆங்கிலேயர் வழியில் ‘சிப்பாய்க் கலகம்’ என்றே நெடுநாள் எழுதினோம். இப்போது அது ‘வேலூர்ப் புரட்சி’. இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர்கள் தேடித் தேடித் தாக்கப்பட்டதை ‘இனக்கலவரம்’ என்று எழுதினால், இரண்டு பக்கமும் சமமாக மோதிக்கொண்டது போல ஒரு தொனி வந்துவிடுகிறது. ‘கறுப்பு ஜூலை’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

சரி, திருவிழாவுக்கு வருவோம்.

ஐந்தாவது ஆள்

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் ‘கலாட்டா’ என்ற குற்றம் கிடையாது. பொது இடத்தில் இரண்டு பேரோ அதற்கு மேலோ சண்டை போட்டு அமைதியைக் கெடுத்தால் பிரிவு 194: ஒரு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் பிரிவு 355: 24 மணி நேரம் வரை சிறை, அபராதம், அல்லது சமூக சேவை.

ஆனால் ஒரே நோக்கத்தோடு ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் கதை மாறுகிறது. அது பிரிவு 189 சொல்லும் சட்டவிரோதக் கும்பல். அந்தக் கும்பலில் ஒருவர் அந்த நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினாலே, அத்தனை பேர் மீதும் பிரிவு 191. சட்டத் தமிழில் இதுதான் ‘கலகம் செய்தல்’, பழைய ஐ.பி.சி.யில் 147. இரண்டு ஆண்டு வரை சிறை. கையில் கொலைக்கருவி இருந்தால் 191(3), ஐந்து ஆண்டு வரை. எதிரெதிராக மோதிய இரு தரப்பையும் கூட்டிக் கணக்குப் போட முடியாது. ஒரு தரப்பிலேயே ஐந்து பேர் வேண்டும். வெறுமனே வேடிக்கை பார்க்க நின்றவர் கும்பலில் ஒருவர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனால் ‘நான் சும்மாதான் நின்றேன்’ என்பது விசாரணையில்தான் எடுபடும். அதுவரை வாய்தாவுக்கு வாய்தா ஜெயங்கொண்டம் கோர்ட்டுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இரு தரப்பும் கைகுலுக்கினால் முடிந்துவிடாதா? சாதாரண அடிதடிக்கான 115(2) போன்றவற்றைச் சமரசமாக முடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கலகப் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. சமரசம் ஆன பிறகும் வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

வேலை என்ன ஆகும்?

போலீஸ் வேலைக்காகக் காலையில் கிரவுண்டில் ஓடும் பசங்களுக்குத்தான் அடி பலம். தமிழ்நாடு காவலர் பணி விதிகளின்படி, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் தகுதி இழப்பார். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டாலும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானாலும், ‘சம்பந்தப்பட்டவர்’ என்றே கணக்கு. ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு இது ரொம்பவே பெரிய விலை என்பது என் எண்ணம்.

மறைத்துவிடலாம் என்று நினைப்பது அதைவிட ஆபத்து. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தகவலை மறைத்ததற்காக வேலையை ரத்து செய்ய முடியும் என்றது. அதேநேரம், இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்குகளில் அதிகாரிகள் விட்டுக்கொடுக்கவும் வழிவிட்டது. பாஸ்போர்ட்டிலும் சிக்கல் உண்டு: குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால், அந்த நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் வாங்க முடியும்.

உங்கள் பெயர் ஏதாவது எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதோ என்று சந்தேகமா? தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர் நகலைப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் 194 என்று இருக்கிறதா, 191(2) என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். வக்கீலிடம் பேச வேண்டியது அதற்குப் பிறகு.