கரைத்தலும் ஏற்றிச் செல்லுதலும்: ஒரு கலைச்சொல் நோக்கு
சீன மரமொன்றிலிருந்து 1966இல் பிரித்தெடுக்கப்பட்ட கேம்ப்டோதெசின் என்னும் புற்றுநோய் எதிர்ப்புப் பொருள், மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா மரத்திலும் உண்டென 1972இல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும் காட்டினர். இது நீரில் அரிதிற் கரைவது. 1970களின் தொடக்கத்தில் இதனைச் சோடிய உப்பாக்கி, கரைத்து நோயாளர்க்குச் செலுத்தினர். மருந்து கரைந்தது, ஆயின் மூலக்கூற்றின் வளையம் திறந்து ஆற்றல் குன்றிற்று, சிறுநீர்ப்பையில் குருதி கசிந்தது, ஆய்வும் நின்றது.

கொழுப்பு நானோதுகள் செய்வது வேறு. அங்கு மருந்து நீரில் கரைவதில்லை. துகளின் கொழுப்புப் பகுதியுள் ஒடுங்கிக் குருதியில் செல்கிறது. இச்செயலைக் ‘கரைத்துச் செலுத்துதல்’ எனப் பெயர்த்தால் கைவிடப்பட்ட முறையே மீண்டும் பொருளாகிவிடும். ‘கடத்தி’யோ மின்னியலுக்கு உரியதாகிவிட்டது. துகளை ‘மருந்தூர்தி’ எனலே தகும். ‘நானோ’வை ‘நுண்’ எனின், அது ‘மைக்ரோ’வுக்கும் வழங்குதலின், அளவு ஆயிரம் மடங்கு பிறழும்.