மயிலை விளக்கீடு

ஒளியை விரும்பாத மக்கள் உலகத்தில் யாண்டும் இலர். சீன தேசத்தார் தம் ஆண்டின் முதல் திங்களில், முழுநிலா நாளன்று, காகிதக் கூடுகளில் விளக்கேற்றித் தெருவெங்கும் தொங்கவிடுகின்றனர். தாய்லாந்து மக்கள் தம் பன்னிரண்டாம் திங்களின் முழுநிலா நாளிலே வாழைத்தண்டால் சிறு தெப்பம் செய்து, அதன்மீது மலரும் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் வைத்து ஆற்றிலே மிதக்கவிடுகின்றனர். இவற்றைக் காண்பதற்கென்றே பொருள் செலவிட்டுக் கடல் கடந்து செல்வார் பலர். நம் சென்னை நகரிலேயே, மயிலாப்பூரிலே, ஆண்டுதோறும் நிகழும் கார்த்திகை விளக்கீட்டைக் காண ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவாரோ சிலரே. வழிப்போக்கனாய் அங்குச் செல்லும் ஒருவன் எதனைக் காணல் வேண்டும், எவ்வாறு காணல் வேண்டும் என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் அந்நாள் யாதென்று அறிதல் நலம். கார்த்திகைத் திங்களில் ஞாயிறு விருச்சிக ராசியில் நிற்கும். முழுநிலா எப்பொழுதும் ஞாயிற்றுக்கு நேர் எதிரே தோன்றுமாதலின், அத்திங்களின் பௌர்ணமி நிலவு ரிஷப ராசியை ஒட்டி, கார்த்திகை என்னும் அறுமீன் கூட்டத்தின் அருகே நிற்கும். இதனாலேயே அத்திங்கள் அப்பெயர் பெற்றது. ஆங்கில ஆண்டுக் கணக்கில் இந்நாள் நவம்பர் மாதத்தின் பிற்பகுதியிலாவது டிசம்பர் மாதத்தின் முற்பகுதியிலாவது வரும். சில ஆண்டுகளில் தாய்லாந்தார் தெப்பம் விடுவதும், நாம் அகல் ஏற்றுவதும் ஒரே நிலவின் கீழ் நிகழ்வதுண்டு.

இவ்விழா மிகப் பழமை வாய்ந்தது. அறுமீனை முழுநிலா சேரும் நாளிலே தெருக்களில் விளக்கேற்றி மாலைகள் தூக்கிக் கொண்டாடிய செய்தி அகநானூற்றில் நக்கீரர் பாடிய 141-ஆம் பாட்டிலே காணப்படுகின்றது. களவழி நாற்பதும் கார்த்திகை விளக்கைக் குறிக்கின்றது. ஆயினும் மயிலைக்கும் இவ்விளக்குக்கும் உள்ள உறவை அறிய வேண்டுவார் ஏழாம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தையே நோக்குதல் வேண்டும். மயிலையில் வாழ்ந்த சிவநேசர் என்னும் வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். தந்தையார் அவள் சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்தில் இட்டுக் காத்து வந்தார். சம்பந்தர் அக்குடத்தின் முன் நின்று பாட, அவள் உயிர் பெற்று எழுந்தாள் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு.

ஈண்டு நாம் உற்றுநோக்கத் தக்கது ஒன்று உளது. இறந்த பெண்ணை அழைக்கும்பொழுது அப்பெரியார் அவளுக்குச் செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ எடுத்துக் காட்டினார் அல்லர். அவ்வூரின் விழாக்களையே ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இவற்றைக் காணாமல் அகலுதல் தகுமோ என்று வினவினார். ஐப்பசி ஓணத்தை அடுத்து அவர் குறித்த விழா, கார்த்திகை நாளில் மகளிர் கொண்டாடும் விளக்கீடு ஆகும். உயிர் வாழ்தற்குரிய காரணங்களுள் ஒன்றாக அகல்விளக்கின் ஒளியும் எண்ணப்பட்டது என்றால், அதனைக் காணச் செல்பவன் அதை வேடிக்கை என்று மட்டும் கருதுதல் கூடுமோ?

இனி மயிலைக்குச் செல்வோம். பறக்கும் ரயிலில் வருவோர் திருமயிலை நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கபாலீசுவரர் கோயிலை அடையலாம். மேற்கே பரந்த தெப்பக்குளமும், கிழக்கே 1906-ஆம் ஆண்டில் எழுந்த ஏறக்குறைய 120 அடி உயரமுள்ள இராசகோபுரமும் அதன் அடையாளங்கள். பூம்பாவைக்கும் உள்ளே ஒரு சந்நிதி உண்டு. ஆனால் சம்பந்தர் கண்ட கோயில் இதுவன்று. பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்து, போர்த்துகேசியர் காலத்தில் அழிந்தது என்றும், இப்பொழுதுள்ள கோயில் அதன்பின் எழுந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். கருங்கல்லால் கட்டியது அழிந்தது. களிமண்ணால் செய்த அகலோ அழியவில்லை. என்னை? கல்லை ஒருமுறை அடுக்குகின்றோம். அகலை ஆண்டுதோறும் புதிதாக ஏற்றுகின்றோம்.

ஞாயிறு மறைவதற்கு ஒருமணி நேரம் முன்னரே மாடவீதிகளை அடைதல் நன்று. அங்கே நடைபாதையில் அகல்கள் குவித்து விற்கப்படும். அவற்றை நோக்கும்பொழுது குயவரின் உழைப்பையும் நினைத்தல் வேண்டும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலத்திலேயே இவ்விழா வருகின்றது. ஈர அகல் வெயிலில் உலர்ந்த பின்னரே சூளை ஏறும். மழை விடாது பெய்யுமாயின் பல நாள் உழைப்பு மீண்டும் மண்ணாகும். அகலை வாங்கியவர் உடனே எண்ணெய் ஊற்றார். முன்னதாகவே அதனை நீரில் ஊறவைத்து எடுப்பர். மண் நீரைக் குடித்துவிட்டால் எண்ணெயைக் குடியாது என்பது வீட்டு மகளிர் கண்ட உண்மை.

மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில், 2668 அடி உயரமுள்ள மலையின் உச்சியிலே, பெரிய கொப்பரையில் நெய்த்தீபம் ஏற்றப்படும். அவ்வேளையை ஒட்டியே மயிலையிலும் வீடுகளில் விளக்கேறும். குன்றின்மேல் இட்ட விளக்கை யாவரும் அறிவர். வாயிற்படியில் இட்ட விளக்கையோ அவ்வழியே மெல்ல நடப்பவனே அறிவான். ஆதலின் கோயிலைக் கண்டபின் அதனைச் சூழ்ந்த சிறு தெருக்களில் நடத்தல் வேண்டும். கோலத்தின் நடுவே குத்துவிளக்கும், திண்ணையிலும் மதிலிலும் அகல் வரிசையும் காணலாம். பழைய வீடுகள் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன. ஆயினும் அங்கே மாடிப்படிதோறும் கதவுதோறும் இரண்டு அகலேனும் எரிகின்றன. கோலத்தை மிதியாமலும், வீட்டாரைக் கேளாமல் படம் எடுக்காமலும் செல்லுதல் விருந்தினர்க்கு அழகு.

யான் முதன்முறை சென்ற மாலையில் தூறலும் காற்றும் கலந்திருந்தன. ஒரு வீட்டு வாயிலில் மூதாட்டி ஒருவர் ஏற்றிய விளக்கு அணைந்து அணைந்து போயிற்று. என்னைக் கண்டு, "தம்பி, சற்று இப்படி நின்று காற்றை மறைத்துக்கொள்" என்றார். நின்றேன். நான்கு அகல்களும் நிலைத்து எரிந்தன. வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "உங்கள் வீட்டில் இன்று விளக்கு ஏற்றுவார்களா?" என்று வினவினார். அன்னையார் இருந்த வரையில் ஏற்றினார் என்றும், அவர் மறைந்த மூன்று ஆண்டுகளாக ஏற்றுவார் இல்லை என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் இனி நீதானே ஏற்ற வேண்டும்" என்று கூறி, ஏற்றாத அகல் ஒன்றைத் திரியுடன் தாளில் சுற்றித் தந்தார்.

கோயிலின் முன்னே சொக்கப்பனை கொளுத்தும் காட்சியைக் காணாமல் திரும்புதல் ஆகாது. நட்ட மரத்தைச் சுற்றிக் காய்ந்த பனையோலையைக் கட்டி நெருப்பிடுவர். சுவாலை கோபுரத்தை நோக்கி எழும். சில நிமிடங்களில் அடங்கும். காற்று வீசும் திசையில் நில்லாமல், பருத்தி ஆடை உடுத்து, எட்ட நின்று காணல் வேண்டும். தென்பாண்டி நாட்டாருக்கு இது தம் ஊரை நினைப்பூட்டும். அங்கே சிறுவர் பனம்பூவைச் சுட்ட கரியைப் பொடித்துத் துணியில் முடிந்து, பனைமட்டைக்கு இடையே வைத்துக் கட்டி, கயிற்றிலே சுழற்றிப் பொறி பறக்கவிடுவர். மாவலி என்று அதற்குப் பெயர். மறுநாளும் தங்கக்கூடியவர் திருமால் கோயில்களில் ஏற்றும் விளக்கையும் காணலாம். அவ்வகையைச் சார்ந்த கேசவப் பெருமாள் கோயிலும் மாதவப் பெருமாள் கோயிலும் மயிலையிலேயே உள்ளன.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பியபின், அம்மூதாட்டியார் தந்த அகலைச் சன்னலோரத்தில் வைத்து ஏற்றினேன். காற்றுக்கு ஒரு புத்தகத்தை அணையாக வைத்தேன். பக்கத்து அறை நண்பர் இருவர் வந்து, ஒன்றும் பேசாமல் அமர்ந்து பார்த்தனர். அவருள் ஒருவர் அடுத்த ஆண்டு தாமும் அகல் வாங்கி வந்தார். விளக்கீடு இத்துணை நூற்றாண்டுகள் நின்றது இவ்வாறே போலும். ஆதலின் அன்பர்களே, மயிலைக்குச் செல்லுங்கள், கண்ணாரக் காணுங்கள், திரும்பும்பொழுது மாடவீதியில் இரண்டு அகல் வாங்கி வருதலை மறவாதீர்கள்.