வீட்டுக்கு எந்த சைஸ் கேரம் போர்டு?
கழுத்தையும் முதுகையும் கேட்டு வாங்குங்க!

லீவு விட்டாச்சு! ‘எப்பப் பார்த்தாலும் செல்போனா?’ என்று பிள்ளைகளைத் திட்டித் திட்டி உங்களுக்கே அலுத்துப் போயிருக்கும். சரி, வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஒரு கேரம் போர்டு வாங்கிப் போடலாம் என்று நினைக்கிறீர்கள். நல்ல யோசனை! பத்து வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும் எதிரெதிரே உட்கார்ந்து சரிக்குச் சமமாக மோதக்கூடிய விளையாட்டுகள் எத்தனை இருக்கின்றன, சொல்லுங்கள்?

ஆனால், கடைக்குப் போனதும் என்ன நடக்கிறது? “பெருசா வேணுமா சார், சின்னதா போதுமா?” என்பார் கடைக்காரர். நாம் பர்ஸைப் பார்த்துப் பதில் சொல்வோம். வீட்டில் இருக்கிற இடத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. உட்கார்ந்து ஆடப் போகிறவர்களின் உடம்பைப் பார்த்தும் சொல்வதில்லை.

‘சித்த வைத்தியருக்கும் கேரம் போர்டு சைஸுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கழுத்துப் பிடிப்பு, தோள்பட்டை வலி, இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம் நாடி பார்த்துக்கொண்டே, “எப்படி உட்காருவீங்க? எதன் மேல வெச்சு வேலை செய்வீங்க?” என்று கேட்பது என் வழக்கம். பாதி நோய்க்குக் காரணம் அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். வயது அறுபத்தேழு. மனைவி காலமான பிறகு சாயங்காலம் தெருவில் உள்ள மூன்று நண்பர்களோடு கேரம் ஆடுவதுதான் அவருக்கு ஒரே பொழுது. அதற்கென்றே மகன் ஆசை ஆசையாகப் பெரிய போர்டு வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டே மாதத்தில் பிடரியிலிருந்து தோள் வரை வலி. “இனிமே ஆடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன் டாக்டர். போர்டைப் பரண்ல தூக்கிப் போடச் சொல்லிட்டேன்” என்றார். “எதன் மேல வெச்சு ஆடினீங்க ஐயா?” என்று கேட்டேன். “ஹால்ல டீபாய் இருக்கே, அது மேலதான்.”

டீபாயின் உயரம் 16, 18 அங்குலம்தான் இருக்கும். தினமும் இரண்டு மணி நேரம் அதன் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தால் கழுத்து என்ன செய்யும்? நொச்சி இலை ஒற்றடம், பூசிக்கொள்ளத் தைலம், உள்ளுக்கு மருந்து எல்லாம் கொடுத்தேன். கூடவே, டீபாயை மாற்றச் சொல்லிவிட்டு, போர்டைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன். ஆட்டத்தை நிறுத்தினாலும் கழுத்து வலி போயிருக்கும். ஆனால் சாயங்காலம் அவரைத் தேடி வருகிற மூன்று பேரும் வராமல் போயிருப்பார்கள். அந்த நோய்க்கு என்னிடம் தைலம் இல்லை!

முதலில் உயரம்... பிறகுதான் அகலம்!

சைஸ் என்றதும் எல்லோரும் அகலத்தைத்தான் நினைக்கிறார்கள். உடம்புக்கு முக்கியம் உயரம்.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். சேரில் நிமிர்ந்து உட்காருங்கள். தோளைத் தளர்த்திக் கையைத் தொங்க விட்டு, முழங்கையை மட்டும் மடக்குங்கள். முழங்கை எந்த மட்டத்தில் நிற்கிறதோ, போர்டு ஏறக்குறைய அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். சாதாரண சேரின் உட்காரும் பலகை தரையிலிருந்து 17, 18 அங்குலம். அதற்கு மேல் பெரியவர்களின் முழங்கை 9 அங்குலத்தில் வரும். கூட்டினால் 26, 27 அங்குலம். கேரம் போட்டி விதிகளில் ஸ்டாண்டின் உயரம் 63 முதல் 70 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அதாவது 25 முதல் 27½ அங்குலம். கணக்கு ஒத்துப்போகிறது பார்த்தீர்களா?

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். டைனிங் டேபிளின் உயரம் பெரும்பாலும் 30 அங்குலம். அதன் மேல் போர்டை வைத்தால் இன்னும் இரண்டு அங்குலம் ஏறும். ஆடுகிறவர் தோளைத் தூக்கிக்கொண்டே உட்கார வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுகிப் போகும் தொல்லை சாதாரணமாகவே அதிகம். நாங்கள் கும்ப வாதம் என்போம். அவர்களுக்கு டைனிங் டேபிள் ஆகவே ஆகாது. டீபாய் என்றால் இதற்கு நேர் எதிர். கூன் போட வைக்கும். நாள்பட்டால் சகன வாதம் என்கிற கழுத்து எலும்புத் தேய்மானக்காரர்களின் வலியைக் கிளப்பிவிடும்.

ஆகவே, போர்டோடு சேர்த்து ஸ்டாண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். ‘ஸ்டாண்டை அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள்.

“நாங்க தரையிலதான் உட்காருவோம்” என்கிறீர்களா? சம்மணம் போட்டு உட்காருவது முழங்கால் நன்றாக உள்ளவர்களுக்கு நல்லதுதான். ஆனால் போர்டை வெறும் தரையில் வைக்காதீர்கள். ஆடாத பலகை ஒன்றைப் போட்டு 6 அங்குலமாவது உயர்த்துங்கள். அழல் கீல் வாயு, அதாவது மூட்டுத் தேய்மானம் உள்ள பெரியவர்கள் தரையில் உட்காரவே வேண்டாம். ‘அவங்களுக்காக எல்லாரும் சேர்ல உட்காரலாமே’ என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பெரியதா, சின்னதா?

போட்டிகளில் பயன்படுத்தும் போர்டின் ஆடும் பரப்பு 73.5 முதல் 74 சென்டிமீட்டர் சதுரம். சுமார் 29 அங்குலம். சுற்றிலும் உள்ள மரச்சட்டத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 3 அடி வந்துவிடும். இந்த விதிகளை நடத்தும் சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே நம்ம சென்னையில்தான்! 1991, 1995 என்று இரண்டு முறை உலக சாம்பியனாகி அர்ஜுனா விருதும் வாங்கிய மரிய இருதயம், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இருவரும் சென்னைக்காரர்களே.

‘பெரிய போர்டு என்றால் எட்டி எட்டி ஆட வேண்டுமே, வயசானவங்களுக்குக் கஷ்டமாச்சே?’ என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஸ்ட்ரைக்கர் வைக்கும் கோடு சட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. காய்தான் தூரம் போகிறது. கை போக வேண்டியதில்லை. அந்தக் கோட்டின் நீளம் 47 சென்டிமீட்டர். பெரியவர்களின் தோள் அகலத்துக்குச் சரியாக இருக்கும். மார்பை விரித்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஆடலாம்.

20 அங்குல போர்டைச் சுற்றி நான்கு பெரியவர்கள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? முழங்காலோடு முழங்கால் இடிக்கும். தோளைக் குறுக்கிக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருகித்தான் ஆட வேண்டும். இடுப்புக்கு ஆகாத வேலை. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் என்றால் சின்னது போதும். அவர்கள் பெரிய போர்டில் ஆட விரும்பினால், சேரில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள். கால் அந்தரத்தில் தொங்காமல் கீழே ஒரு முக்காலி வையுங்கள். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து ஆடுவீர்கள், ஆனால் முழு அளவுக்கு இடமில்லை என்றால் 26 அங்குலம் நடுத்தரம்.

கடையில் சொல்கிற அங்குலம் சில சமயம் சட்டத்தையும் சேர்த்த அளவாக இருக்கும். டேப்பை வைத்து சட்டத்தின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை நீங்களே அளந்து பாருங்கள். பலகை 8 மில்லிமீட்டராவது கனம் இருக்கட்டும். மெல்லிய பலகை நாளடைவில் நடுவில் தொங்கிவிடும்.

இன்னொன்று, எடை. முழு அளவு போர்டு பத்து கிலோவுக்கு மேல் வரும். தினமும் பீரோ பின்னாலிருந்து ஒருவரே குனிந்து இழுத்துத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு பேராகத் தூக்குங்கள். சுவரில் சும்மா சாய்த்து வைக்காதீர்கள். தவழ்கிற குழந்தை பிடித்து இழுத்தால் மேலேயே விழும்.

இடம் இருக்கிறதா?

போர்டு 3 அடி. உட்கார்ந்திருப்பவர் சேரைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க, போர்டின் விளிம்பிலிருந்து இரண்டரை அடி வேண்டும். எதிரிலும் அதே போல. ஆக, நான்கு பேர் ஆட 8 அடிக்கு 8 அடி தேவை. இரண்டு பேர் என்றால் 8 அடிக்கு 5 அடி போதும். ஹாலின் மொத்த அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். சோபா, டிவி ஸ்டாண்ட் போக மிச்சம் இருக்கிற இடம்தான் கணக்கு.

சுலபமான வழி சொல்கிறேன். பழைய நியூஸ்பேப்பர்களை ஒட்டி 3 அடிச் சதுரமாகத் தரையில் விரியுங்கள். சுற்றி நான்கு சேர் போட்டு ஆட்களை உட்கார வையுங்கள். இப்போது வீட்டுப் பெரியவரை பாத்ரூமுக்கு நடந்து போகச் சொல்லுங்கள். யாரையும் எழுப்பாமல், எதிலும் இடிக்காமல் போக முடிகிறதா? அப்படியானால் அந்த அளவை வாங்கலாம். முடியவில்லை என்றால் ஒரு சைஸ் குறையுங்கள். வயதானவர் சேர்க் காலில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

வெளிநாட்டில் இருக்கும் பையன் ‘பூல் டேபிள் வாங்கிப் போடுங்கப்பா’ என்கிறானா? அதற்கும் இதே டேப்தான். 8 அடி டேபிளின் ஆடும் பரப்பு 88க்கு 44 அங்குலம். அதன் குச்சி சுமார் 58 அங்குல நீளம். நாலு பக்கமும் அந்த நீளத்துக்கு இடம் விட்டால் 17 அடிக்குப் பதிமூன்றரை அடி காலியான அறை வேண்டும். நம்முடைய 10க்கு 12 ஹாலில் குச்சி ஜன்னலைத்தான் குத்தும்!

விளக்கையும் பாருங்கள். ஆடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் அவர் நிழலே போர்டில் விழும். குனிந்து குனிந்து பார்ப்பார். போர்டின் நடுவுக்கு நேர் மேலே, கண்ணில் படாதபடி மூடி போட்ட விளக்கு நல்லது.

பவுடர் ஜாக்கிரதை!

கேரம் போர்டில் தூவுவது பெரும்பாலும் போரிக் பவுடர். வெங்காரத்திலிருந்து தயாராவது. வெங்காரம் எங்கள் மருத்துவத்திலும் உண்டு. ஆனால் பொரித்துச் சுத்தி செய்து, மிகச் சிறிய அளவில்தான் தருவோம். கேரம் பவுடர் மருந்தல்ல. வயிற்றுக்குள் போனால் விஷம்.

பார்க்க மைதா மாதிரி, உப்பு மாதிரி இருக்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி சமையலறையில் வைக்கவே கூடாது. குழந்தைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதிய டப்பாவிலேயே இருக்கட்டும். ஒரு கையில் ஸ்ட்ரைக்கர், ஒரு கையில் பஜ்ஜி என்பதெல்லாம் வேண்டாம். கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும் வரை ஆட்டத்துக்கு லீவு. பவுடரை வாயால் ஊதாதீர்கள். எதிரே இருப்பவருக்கு ஆஸ்துமா இருந்தால் இழுப்பு வந்துவிடும். உலர்ந்த துணியால் துடைக்கலாம்.

குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால்? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கை வைத்தியம் எதுவும் வேண்டாம். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

‘இந்த போர்டு முடியட்டும்...’

அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதில் வரும். கேரம் ஆடுகிறவர்கள் அடக்குவதில் முதலிடம் சிறுநீருக்கு! ‘ரெட் மட்டும் போட்டுட்டு வந்துடறேன்’ என்று உட்கார்ந்தே இருப்பார்கள். சர்க்கரை நோயாளிகளும், ப்ராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்களும் இப்படி அடக்கவே கூடாது. ஒவ்வொரு போர்டு முடிந்ததும் எல்லோரும் எழுந்து நில்லுங்கள். தோளைச் சுழற்றுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அரை மணிக்கு ஒரு முறை நாலடி நடந்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவு செய்தும் கழுத்து வலி ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, கை மரத்துப் போனாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

கடைக்குப் போகும் முன்...

• நியூஸ்பேப்பர் விரித்து இடத்தைச் சோதியுங்கள்.
• சேரின் உயரத்தையும், உட்கார்ந்தபடி முழங்கை உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
• நான்கு பெரியவர்கள் ஆட: உள்ளளவு 29 அங்குலம். இடம் குறைவு என்றால் 26. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் 20.
• ஸ்டாண்ட்: 25 முதல் 27½ அங்குலம். ஆட்டம் காணக் கூடாது.
• ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் வேண்டாம். விளிம்பு வழவழப்பாக இருக்கட்டும்.
• வீட்டுப் பெரியவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். அவர் உட்கார்ந்து பார்த்து ‘சரி’ என்ற பிறகு பணத்தைக் கொடுங்கள்.

அப்புறமென்ன... காய்களை அடுக்குங்கள், தாத்தாவை முதல் ஸ்ட்ரைக்கை அடிக்கச் சொல்லுங்கள்!