மிளகளவு பூமி

திருவனந்தபுரத்து வலியசாலை காந்தளூர் மகாதேவர் கோயிலிலிருந்து சாலைக் கடைத்தெரு நடை தூரம்தான். மிளகு, கடுகு, ஜவ்வரிசி, எலுமிச்சை, பாயசம் வைக்கும் உருளி எல்லாம் அங்கே வாங்கலாம். சூரியக் குடும்பத்தை அளந்து பார்க்க அவ்வளவு போதும்.

பள்ளிக்கூடச் சுவரில் நாமெல்லாம் பார்த்து வளர்ந்த படம் ஒன்று உண்டு. எட்டுக் கோள்களும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பூமிக்கும் வியாழனுக்கும் அண்ணன் தம்பி அளவுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதை மறந்துவிட்டுக் கடைக்குப் போவோம்.

2,500 கிலோமீட்டரை ஒரு மில்லிமீட்டராகச் சுருக்குவோம். பூமியின் குறுக்களவு 12,756 கிலோமீட்டர். நம் கணக்கில் 5 மில்லிமீட்டர், அதாவது நல்ல முற்றின ஒரு மிளகு. வெள்ளியும் மிளகுதான், ஒரு இழை சின்னது. செவ்வாய் ஒரு ஜவ்வரிசி. புதன் ஒரு கடுகு. நம் சந்திரன் ஒரு கேழ்வரகு மணி.

இதற்குப் பிறகு பலசரக்குக் கடையை விட்டுக் காய்கறிக் கடைக்குப் போக வேண்டும். வியாழன் 57 மில்லிமீட்டர், பெரிய எலுமிச்சம்பழம். சனி அதைவிடச் சற்றுச் சிறிய எலுமிச்சை. யுரேனசுக்கும் நெப்டியூனுக்கும் இரண்டு அரைநெல்லி. சூரியனுக்கு 56 சென்டிமீட்டர் அகலமுள்ள உருளி. கல்யாண வீட்டில் பாயசம் கிண்டுகிறார்களே, அந்த ரகம்.

சனியின் வளையத்துக்கு ஒரு பப்படம் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை போட்டு எலுமிச்சையைச் செருகினால் 11 சென்டிமீட்டர் அகலம் சரியாக வரும். தடிமன் மட்டும் ஒத்துவராது. நிஜ வளையம் பெரும்பாலான இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர் தடிமன்தான். அதை நம் அளவுக்குச் சுருக்கினால் பப்படத்தை விடுங்கள், வெங்காயத் தோல்கூட மலையாகிவிடும்.

எலுமிச்சையையும் மிளகையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதினொரு மடங்கு என்று தோன்றும். அது குறுக்களவில் மட்டும். வியாழனைப் படிக்கணக்கில் அளந்தால் உள்ளே 1,300 பூமிகள் அடங்கும். தராசில் நிறுத்தாலோ 318 பூமிகளின் எடைதான் நிற்கும். பூமி பாறையும் இரும்பும். வியாழன் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். சனி இன்னும் மோசம். படியில் 760 பூமி, தராசில் 95. அதன் சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. ‘எது பெரியது?’ என்று கேட்கிற பிள்ளையிடம் ‘படியிலா, தராசிலா?’ என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

இந்த அளவெல்லாம் எப்படித் தெரிந்தது? தொலைநோக்கியில் ஒரு கோள் எவ்வளவு கோணத்துக்கு விரிந்து தெரிகிறது என்று அளக்கலாம். ஆனால் தூரம் தெரியாமல் பருமன் தெரியாது. கண்ணுக்கு அருகே பிடித்த மிளகு தூரத்து எலுமிச்சையை மறைத்துவிடும். கோள்களின் தூரங்கள் ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு என்பதைக் கோள்களின் ஓட்டம் பற்றிய கெப்ளரின் விதியே சொல்லிவிட்டது. ஏதாவது ஒரு தூரம் மட்டும் கிலோமீட்டரில் கிடைத்தால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும். வெள்ளி சூரியனின் முகத்தைக் கடக்கும்போது உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்து அந்தத் தூரத்தைப் பிடிக்கலாம் என்றார் வானியலாளர் எட்மண்ட் ஹாலி.

அதற்காகத்தான் லெ ஜான்டி என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761இல் அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. கடக்கும் நாளில் ஆடுகிற கப்பலில் இருந்தார், அளந்தது உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் ஊர் திரும்பாமல் காத்திருந்து, மறுபடி புதுச்சேரி வந்து, தொலைநோக்கியை நிறுத்தினார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது. ஊருக்குத் திரும்பினால், இறந்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பங்குபோட முனைந்திருந்தார்கள். காத்திருந்த நாட்களில், தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டதுதான் அவருக்கு மிஞ்சியது.

நல்ல வேளையாக மற்ற ஊர்களில் வானம் தெளிவாக இருந்தது. சூரியனின் தூரம் ஏறக்குறையப் பிடிபட்டது. 1874இல் வெள்ளி மறுபடி சூரியனைக் கடந்தபோது, சென்னை வானாய்வுக்கூடத்துச் சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை விளக்கிப் பொதுமக்களுக்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

சரி, வாங்கியதை வைக்க வேண்டாமா? உருளியைக் கோயில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிழக்கேக்கோட்டையை நோக்கி நடப்போம். 23 மீட்டரில் கடுகு. 43இல் முதல் மிளகு. 60 மீட்டரில் பூமி. அதிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவாக, 15 சென்டிமீட்டர் தள்ளிக் கேழ்வரகு. மனிதன் இதுவரை போய்வந்த தூரம் அந்தச் சாண்தான். 91இல் ஜவ்வரிசி. அப்புறம் கால் வலிக்கத் தொடங்கும். வியாழன் 311 மீட்டரில், பப்படத்தோடு சனி 570இல், யுரேனஸ் 1,150இல். கடைசி அரைநெல்லிக்கு 1,800 மீட்டர் நடக்க வேண்டும். அவ்வளவு நீளத் தெருவில் வாங்கிய சாமான், உருளி நீங்கலாக, ஒரு சின்னப் பைக்குள் அடங்கிவிடும். சுவர்ப் படம் மறைத்தது இதைத்தான்.

அடுத்த நட்சத்திரத்துக்கும் ஒரு உருளியோ சின்னப் பாத்திரமோ வைக்க ஆசைப்பட்டால், இதே அளவில் 16,000 கிலோமீட்டர் போக வேண்டும்.